சண்டை போடாத தம்பி

ஜனவரி 12

அன்புள்ள கண்ணு,

நான் நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். மூக்கும் காதும் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை, அப்படி ஒரு குளிர். உன் அண்ணா (என் வீட்டுக்காரரை இனி உன்னிடம் இப்படித்தான் சொல்லப் போகிறேன், பழகிக்கொள்) விமான நிலையத்துக்குக் கம்பளிக் கோட்டோடு வந்திருந்தார். அதைப் போட்டும் எனக்குப் பல் தந்தியடித்தது. நான் நடுங்குவதைப் பார்த்து அவர் சிரித்தார். நடுங்கினால்தான் உடம்பு உள்ளே சூட்டைக் கிளப்ப முடியும், அது அதன் வேலையைச் செய்கிறது, தடுக்காதே என்றார். பஸ் ஓட்டுகிறவர் அல்லவா, எல்லாவற்றையும் என்ஜின் மாதிரிதான் பார்ப்பார்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போன் இருப்பது கூடத்தில். நீ என்னோடு பேசினால் என் தம்பி துரை பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு வார்த்தைக்கும் காது கொடுப்பான். "எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லு" என்று கையை ஆட்டுவான். அதனால்தான் நீ வேலை பார்க்கும் போட்டோ ஸ்டூடியோ முகவரிக்கு எழுதுகிறேன்.

பெண் பார்க்க வந்த அன்றே துரை தன் வியாதியை உன்னிடம் மறைக்காமல் சொன்னான். நீயும் சரி என்றாய். ஆனால் சொன்னது வேறு, கூட இருந்து பார்ப்பது வேறு. உனக்கும் எனக்கும் உடம்புக்குள் ஓர் ஆள் ஓயாமல் வேலை பார்க்கிறான். இனிப்பைத் தின்றால் ரத்தத்தில் சர்க்கரை எகிறாமல் இழுத்துப் பிடிப்பான். பட்டினி கிடந்தால் ஈரலில் சேர்த்து வைத்ததை எடுத்துக் கொடுப்பான். அவன் இருப்பதே நமக்குத் தெரியாது. துரைக்குச் சின்ன வயதிலேயே அந்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஊசி போடுவது அவன், கூடுகிறதா குறைகிறதா என்று முகத்தைப் பார்த்துச் சொல்வது நான்.

கூடினால் தண்ணீராகக் குடிப்பான், அதைச் சமாளிக்கலாம். குறைந்தால்தான் ஆபத்து. முதலில் வியர்க்கும், சிடுசிடுப்பான், சுவரோடும் சண்டை போடுவான். அதில் பயமில்லை, இனிப்பாக ஏதாவது கொடுத்தால் சரியாகிவிடும். அதற்கு அடுத்த கட்டம்தான் மோசம். திடீரென்று மரியாதை வந்துவிடும். என்னையே "மேடம்" என்பான், "நீங்க உட்காருங்க" என்பான். துரை மரியாதையாகப் பேசினால் ஒரு நொடி தாமதிக்காதே.

உன் அண்ணா எனக்காக எத்தனை வருஷம் காத்திருந்தார் என்று உனக்குத் தெரியும். தம்பிக்கு ஒரு கல்யாணம் ஆகட்டும், ஆகட்டும் என்று நான் தள்ளிப்போட்டேன், அவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது துரையை உன் தலையில் கட்டிவிட்டு வந்துவிட்டேன். மனசு இன்னும் அங்கேதான் இருக்கிறது. முடியவில்லை என்று ஒரு வரி எழுது, அடுத்த விமானத்தில் வந்துவிடுகிறேன்.

உன்
அண்ணி

ஜனவரி 30

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை ஸ்டூடியோவில் இருட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். முதலாளி நான் காதல் கடிதம் படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

உங்கள் துரை என் தலையில் கட்டப்பட்டவர் இல்லை, நானே கேட்டு வாங்கிக்கொண்டவர். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றபடி நீங்கள் சொன்னது எழுத்துக்கு எழுத்து நடந்தது. போன ஞாயிற்றுக்கிழமை போர்வையை நான் மடித்த விதம் சரியில்லை என்று ஆரம்பித்தார். நானும் சும்மா இருக்கவில்லை, பதிலுக்குப் பதில் கொடுத்தேன். போர்வையில் தொடங்கிய பேச்சு என் சித்தப்பா வரை போய்விட்டது. பிறகு அவர் திடீரென்று கையைக் கட்டிக்கொண்டு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ங்க" என்றார். சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்து, "நாம எதுக்குச் சண்டை போட்டோம்?" என்று கேட்கிறார். நான் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

என் கஷ்டம் வேறு, அண்ணி. அவர் கோபப்பட்டால் அது அவர் கோபமா, சர்க்கரையின் கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. சர்க்கரையின் கோபம் என்று நினைத்து பிஸ்கட்டை நீட்டினால், "நான் நெஜமாவே கோவமா இருக்கேன்" என்று அதற்கும் கோபப்படுகிறார். போர்வைச் சண்டையில் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னதை நான் மன்னிக்க வேண்டுமா, கணக்கிலேயே எடுக்கக் கூடாதா? இதை யாரிடம் கேட்பது?

முகத்தை உற்றுப் பார்ப்பது என் பிழைப்பு. மணமகனின் பருவைத் தொட்டு அழிப்பேன், மணமகளின் கண்ணுக்குக் கீழே உள்ள கருப்பை எடுப்பேன். அதே கண்ணோடு இவரையும் பார்க்கிறேன் போலிருக்கிறது. "வீட்லயும் என்னை டச்சப் பண்ணாதே" என்கிறார்.

அண்ணாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள்.

தங்கள் அன்புள்ள
தம்பி மனைவி

பிப்ரவரி 14

அன்புள்ள கண்ணு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இத்தனை நாள் கழித்துத்தான் எழுதுவாயா? அவசரத்துக்கு ஸ்டூடியோவில் போன் இல்லையா? நான் வேண்டாதவளா?

திட்டுகிறேன் என்று நினைக்காதே. சொல்வதைக் கேள். அவனுடைய எல்லாச் சட்டைப் பையிலும் மிட்டாய் இருக்க வேண்டும். துவைக்கும்போது நீ எடுத்துவிடுவாய், மறுபடியும் போட மறக்காதே. காலையில் சாப்பிடாமல் லிஃப்ட் பழுது பார்க்க ஏறக் கூடாது. அந்தக் கூண்டின் தலையில் நின்றுகொண்டு கம்பிக்கு எண்ணெய் போடுகிறவன், அங்கே மயங்கினால் என்ன ஆகும் என்று நீ நினைத்துப் பார்த்தாயா? அவன் மேஸ்திரிக்கு நானே ஒரு கடிதம் எழுதட்டுமா? ஊசி போட்டுக்கொண்டு குளிக்கப் போனால் வெளியில் இருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இரு. அவன் தூங்கும்போது நெற்றியைத் தொட்டுப் பார், ஈரமாக இருந்தால் எழுப்பு.

உன் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அவன் கோபத்தை நான் ஒருநாளும் கோபமாக எடுத்துக்கொண்டதே இல்லை. எல்லாவற்றுக்கும் மிட்டாய்தான். நினைத்துப் பார்த்தால் பாவம், என்னோடு ஒரு சண்டையில்கூட அவன் ஜெயித்ததில்லை.

திரும்பி வந்துவிடலாமா என்று உன் அண்ணாவிடம் கேட்டேன். அவர் தன் சாப்பாட்டு டப்பாவைக் கழுவினார், துடைத்தார், துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். பிறகு, காலையில் முதல் பஸ் என்னுடையது என்று சொல்லிப் படுத்துவிட்டார். கோபப்பட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பேன்.

இங்கே ஒரு நூலகத்தில் கிழிந்த புத்தகங்களை ஒட்டி அட்டை போடும் வேலைக்கு என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஏப்ரல் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். ஒரு வருஷம் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறார்கள். நான் எதை நம்பி ஒப்புக்கொள்வது? நீ எழுதுவதைப் பொறுத்துதான் முடிவு செய்ய வேண்டும்.

உன்
அண்ணி

மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அவர் மிகவும் நலம். சர்க்கரை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, ஒரே சீராக இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறார், நேரத்துக்குத் தூங்குகிறார். முகம் தெளிவாக இருக்கிறது. ஒரு மாதமாக எங்களுக்குள் சண்டையே இல்லை. போர்வையைக்கூட அவரே மடித்து வைக்கிறார்.

நீங்கள் கவலைப்பட இனி எதுவும் இல்லை. தயங்காமல் நூலக வேலையை ஒப்புக்கொள்ளுங்கள். அண்ணாவுக்கு வணக்கம்.

தங்கள் அன்புள்ள
தம்பி மனைவி

மார்ச் 22

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் கிடைத்தது. ரொம்ப அழகான கடிதம். படித்துவிட்டு எனக்கு ஒரே ஒரு சந்தேகம் வந்தது. நீ எழுதியிருக்கும் அந்த மனிதன் யார்?

என் தம்பிக்கு மூக்குக்கு மேல் கோபம். மத்தியானச் சாப்பாடு கால் மணி தள்ளிப்போனால் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். பரீட்சையில் முதலாவதாக வந்த அன்றும் சண்டை போட்டான், நான் ஊருக்குக் கிளம்பிய அன்றும் சண்டை போட்டான். அவன் ஒரு மாதம் சண்டையே போடவில்லை என்றால், ஒன்று அது என் தம்பி இல்லை, இல்லாவிட்டால் நீ எதையோ பூசி மெழுகுகிறாய்.

ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். உயிரோடு இருக்கிற உடம்பு அப்படி இருக்காது, கண்ணு. நல்ல உடம்புக்கே அது கிடையாது. ஒற்றைக் காலில் நின்று பார். இந்தப் பக்கம் சாய்வாய், அந்தப் பக்கம் சாய்வாய், அப்படிச் சாய்ந்து சாய்ந்து நிமிர்வதைத்தான் நிற்பது என்கிறோம். எனக்கு நாள் முழுக்க அவன் ஏறி இறங்குவதைப் பார்ப்பதுதான் வேலையாக இருந்தது. என்னிடம் போய் ஒரே சீர் என்கிறாயே.

உன் தொழில் புத்தியைக் கடிதத்தில் காட்டிவிட்டாய். பருவை எடுத்துவிட்டாய், கருப்பை எடுத்துவிட்டாய், என் தம்பியையும் சேர்த்து எடுத்துவிட்டாய். டச்சப் செய்யாத படத்தை அனுப்பு. எவ்வளவு மோசமாக இருந்தாலும் பார்த்துக்கொள்கிறேன். பார்க்காமல் இருப்பதுதான் என்னால் முடியாது.

விமான டிக்கெட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். உன் அண்ணாவுக்கும் தெரியும். உன் பதில் வரும் வரை காத்திருப்பேன். வராவிட்டால் நான் வருவேன்.

உன்
அண்ணி

ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணிக்கு,

குட்டு வெளிப்பட்டுவிட்டது. இனி மறைத்துப் பயனில்லை. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், அவர் இப்போது நன்றாக இருக்கிறார். இந்த வரியை எழுதும்போது பக்கத்து அறையில் ஆணி அடிக்கிறார், கோணலாக.

பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் ஸ்டூடியோவுக்கு போன் வந்தது. அவரோடு வேலை செய்கிறவர் பேசினார். ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தவர், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு இரும்புக் கம்பியைப் பார்த்து வணக்கம் சொல்கிறாராம். இறங்கு என்றால், "பரவாயில்லைங்க, நீங்க முதல்ல போங்க" என்கிறாராம். மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் போனால் விளிம்பை நோக்கி நகர்கிறாராம். அந்தக் கட்டடம் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருதான். வழியில் ஒரு கடையில் பழச்சாறு பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது.

மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அவர் நான் நின்ற தளத்துக்கு முட்டியளவு கீழே, கூண்டின் மேல், கைநீட்டினால் எட்டாத மூலையில், சட்டையெல்லாம் நனைந்து உட்கார்ந்திருந்தார். கூண்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் விழுகிற அளவுக்கு இடைவெளி. பாட்டிலைக் காட்டி, குடி என்று அதட்டினேன். நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். அவர் மரியாதையாகத் தலையாட்டி, "வேணாம்ங்க. நீங்க சாப்பிடுங்க" என்றார். உங்கள் பெயரைச் சொன்னேன், அக்கா வந்திருக்கிறாள் என்றேன், அதற்கும் அசையவில்லை. மிட்டாய் சட்டைப் பையில்தான் இருந்தது, அவரை எடுக்க வைக்க முடியவில்லை.

அப்போது அவர் என்னைப் பார்த்து, "நீங்க யாரு? போட்டோ எடுக்கறவங்களா?" என்றார். ஏதோ ஒரு மூலையில் நான் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, அண்ணி. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். "ஆமாங்க. படம் எடுக்கத்தான் வந்திருக்கேன். அசையாம உட்காருங்க. முகத்தைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க. இந்தப் பாட்டிலை வாயில வைங்க, குடிக்கிற மாதிரி இருக்கணும். ம், நல்லாக் குடிங்க, அப்பத்தான் படத்துல இயல்பா வரும்" என்றேன். நான் உருட்டிவிட்ட பாட்டிலை எடுத்து, தலையைக் கோதிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, முழுவதையும் குடித்தார். சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகம் திரும்பி வந்ததைப் பார்த்தேன். உதடு சிவந்தது, கண் என்னை அடையாளம் கண்டது. வாயைத் திறந்து பேசிய முதல் பேச்சு என்ன தெரியுமா? "அக்காகிட்ட சொல்லிடாதே. கெளம்பி வந்துடும். மாமா பாவம்."

அவருக்காக மட்டும் மறைத்தேன் என்று சொன்னால் பொய். எனக்காகவும்தான். நீங்கள் வந்தால் அவர் உங்கள் தம்பியாகிவிடுவார். நீங்கள் முகத்தைப் பார்ப்பீர்கள், மிட்டாயை நீட்டுவீர்கள், எல்லாம் ஒழுங்காக நடக்கும். நான் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பேன். அவர் என்னோடு போடும் சண்டையில் பாதி சர்க்கரையின் சண்டை என்றால், மீதிப் பாதி என்னுடையது. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சித்தப்பாவைப் பற்றிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டேன், தெளிவாக இருந்தபோது, சாப்பிட்ட பிறகு.

இப்போது அவரை மேலே ஏற விடுவதில்லை. பட்டறையில் மோட்டார் பிரிக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். அதனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், தினமும் சண்டை. எனக்குப் பயமே இல்லை என்று எழுத மாட்டேன், அது மறுபடியும் டச்சப் ஆகிவிடும். அவர் தூங்கும்போது நானும் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். ஆனாலும் வராதீர்கள், அண்ணி. விருந்தாளியாக அண்ணாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், தலையில் வைத்துக் கொண்டாடுகிறேன். காவலுக்கு வராதீர்கள்.

இதைப் படித்து உங்களுக்கு வலிக்கும். வலிக்க வேண்டும் என்று எழுதவில்லை.

தங்கள்
தம்பி மனைவி

ஏப்ரல் 25

அன்புள்ள கண்ணு,

வலிக்கத்தான் செய்தது. உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கோட்டு கூடப் போடாமல் வெளியே போய்விட்டேன். இந்தத் தெருவின் கடைசி வரை நடந்தேன். நேற்று வந்தவள் என்னை வராதே என்கிறாளே என்று பொருமினேன். திரும்பி வந்து உனக்கு ஒரு பதில் எழுதினேன், அது வாய்க்கு வந்ததெல்லாம் கொட்டிய பதில். கிழித்துப் போட்டேன். படம் எடுக்க வந்தேன் என்று சொல்ல எனக்குத் தோன்றியிருக்காது என்பது அப்புறம்தான் உறைத்தது. நான் அதட்டியிருப்பேன், அழுதிருப்பேன், எட்டிப் பிடிக்கப் போயிருப்பேன். அவன் இன்னும் நகர்ந்திருப்பான்.

டிக்கெட்டு வேண்டாம் என்று சொல்ல அப்போதும் மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் உன் அண்ணாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது, ஆனால் குளிர்கிறது என்று நடுங்குகிறார். இருக்கிற கம்பளியை எல்லாம் போர்த்தினேன். வந்து பார்த்த டாக்டர் அதிகமாகப் போர்த்தாதே என்றார். உடம்பே வேண்டுமென்று சூட்டை ஏற்றிக்கொள்கிறதாம், கிருமியை விரட்ட. வேலை முடிந்ததும் வியர்த்து, தானே இறங்கிவிடுமாம். அதுவரை தண்ணீர் கொடு, மாத்திரை கொடு, பக்கத்தில் இரு என்றார். பக்கத்தில் இருப்பது எனக்குத் தெரிந்த வேலைதானே. ஈரத்துணி போட்டேன், நெற்றியைப் பார்த்தேன், உதட்டைப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன். என்னை அறியாமல் என் கை அவருக்கு ஒரு மிட்டாயைக்கூட நீட்டிவிட்டது.

மூன்றாம் நாள் விடிந்தபோது சட்டையெல்லாம் நனைந்து, உடம்பு குளிர்ந்திருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் கண் விழித்து ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எனக்கு ஒடம்பு சரியாயிடுச்சு. இனிமேலும் இப்படிப் பார்ப்பியா?"

கண்ணு, கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து இந்த மனிதர் முகத்தை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. அது எப்படி வந்தது என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. கஷ்டம் இருக்கிற முகம்தான் என் கண்ணில் படும். இவர் நலமாக இருந்தார், அதனால் கண்ணில் படவே இல்லை. பாவம், தன் நலத்துக்காகத் தண்டனை அனுபவித்திருக்கிறார். பார்ப்பேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டு அவர் தோளில் சாய்ந்து அழுதேன். அவர் பதறிப்போய், "பசிக்குதா? ஏதாவது சாப்பிடறியா?" என்று கேட்கிறார். என்னத்தைச் சொல்வது.

டிக்கெட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நூலகத்துக்குத் திங்கட்கிழமை போகிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இத்தனை கடிதத்திலும் நீ எப்படி இருக்கிறாய் என்று நான் ஒரு வரி கேட்கவில்லை. லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் நின்ற பிறகு நீ எப்படித் தூங்கினாய்? யாரிடமாவது சொல்லி அழுதாயா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அடுத்த கடிதத்தில் உன்னைப் பற்றி மட்டும் எழுது. பருவோடும் கருப்போடும் எழுது.

விடுமுறைக்கு இரண்டு பேருமாக வருகிறோம், விருந்தாளியாக. நீயே சாப்பாடு போடு, நான் சமையலறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன்.

என்றும் உன்
அண்ணி

பி.கு.: துரை ராத்திரி சரியாகச் சாப்பிடுகிறா

இல்லை, விடு. நீ இருக்கிறாய்.